நீதிபதி வில்லியம் வெப்ஸ்டர்: எஃப்.பி.ஐ.க்கு நீதிமன்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவர்

நீங்கள் கேட்டிருப்பது இது: 2025 ஆகஸ்டில் 101 வயதில் மறைந்த வில்லியம் வெப்ஸ்டர் ஏழு ஆண்டுகள்தான் நீதிபதியாக இருந்தார், அதன்பின் அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு ஒன்பது ஆண்டுகளும் வெளிநாட்டு உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுக்கு நான்கு ஆண்டுகளும் தலைவராக இருந்தார். அப்படியிருக்க, ஒட்டுக்கேட்பதையும் உளவு பார்ப்பதையும் தொழிலாகக் கொண்ட அமைப்புகளின் தலைவரை ‘நீதிபதி வெப்ஸ்டர்’ என்று இத்தனை மரியாதையோடு நினைவுகூர என்ன இருக்கிறது?

என் கருத்தில், அந்த ஏழு ஆண்டுகள்தான் பின்னர் வந்தவை அனைத்துக்கும் அடிப்படை. அவர் நீதிபதி என்பதற்காகவே எஃப்.பி.ஐ.க்கு அழைக்கப்பட்டார், அங்கே போன பிறகும் நீதிபதியைப் போலவே நடந்துகொண்டார், தன்னை ‘நீதிபதி’ என்றே அழைப்பதை விரும்பினார். அவருடைய சாதனைகளுக்கும், குறைகளில் சிலவற்றுக்கும், அந்தப் பழக்கமே காரணம். இந்தியாவில் சி.பி.ஐ.யின் தலைமைக்கு ஐ.பி.எஸ். அதிகாரிதான் வருவார் என்று பார்த்துப் பழகிய நமக்கு, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆயுள்காலப் பதவியில் இருந்தவரை இறக்கிக் கொண்டுவந்து போலீஸ் வேலை கொடுப்பது விந்தையாகத் தோன்றலாம். அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும்.

ஜே. எட்கர் ஹூவர் 1924 மே மாதம் பொறுப்பேற்று, 1972 மே மாதம் இறக்கும்வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள் எஃப்.பி.ஐ.யைத் தன் கைக்குள் வைத்திருந்தார். (வெப்ஸ்டர் பிறந்ததும் 1924 மார்ச்சில்தான், ஹூவர் பதவியில் இருந்த காலம் முழுவதும் இவருடைய இளமைக்கும் நடுவயதுக்கும் சமம்.) 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் சிலர் இரவில் புகுந்து கோப்புகளை அள்ளிச் சென்று பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள்; அதிலிருந்துதான் ‘கோயின்டெல்புரோ’ என்ற பெயரில் 1956 முதல் நடந்துவந்த இரகசிய நடவடிக்கைகள் வெளிச்சத்துக்கு வந்தன. சிவில் உரிமை இயக்கத்தவரையும் போர் எதிர்ப்பாளர்களையும் உளவு பார்த்ததோடு நிற்காமல், மார்ட்டின் லூதர் கிங்குக்குத் தற்கொலையைத் தூண்டும் தொனியில் மொட்டைக் கடிதம் அனுப்பும் அளவுக்கு அந்த அமைப்பு போயிருந்தது 1975-76இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் செனட் குழு நடத்திய விசாரணையில் உறுதியானது. ஹூவருக்குப் பின் தற்காலிகத் தலைவராக வந்த பேட்ரிக் கிரே, அதிபர் நிக்சனின் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழல் தொடர்பான ஆவணங்களை அழித்தது வெளியானதும் 1973இல் விலக நேர்ந்தது. அதன்பின் வந்த கிளாரன்ஸ் கெல்லி நேர்மையானவர் என்றாலும், ஹூவர் காலத்து அதிகாரிகளின் கூட்டத்துக்கு நடுவே திணறினார்.

ஆகவே 1977இல் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அரசு அடுத்த தலைவரைத் தேடியபோது, துப்பறியும் திறமையைவிடச் சட்டத்துக்குக் கட்டுப்படும் குணத்தைத்தான் முதலில் பார்த்தது. கார்ட்டர் முதலில் தேர்ந்தெடுத்தவரும் ஒரு நீதிபதிதான்: அலபாமாவில் இன ஒதுக்கலுக்கு எதிராகத் துணிச்சலான தீர்ப்புகள் அளித்த ஃபிராங்க் ஜான்சன். உடல்நலம் இடம் கொடுக்காததால் அவர் விலகிக்கொள்ள, அடுத்த வாய்ப்பு செயின்ட் லூயிஸ் நகரத்தவரான வெப்ஸ்டருக்கு வந்தது. கார்ட்டர் ஜனநாயகக் கட்சி, வெப்ஸ்டர் குடியரசுக் கட்சி. கட்சி வேறுபாட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கலாம்.

அவருடைய முன்வாழ்க்கையில் பரபரப்பு அதிகம் இல்லை. மிசௌரி மாநிலத்தில் பிறந்து வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரிலும் பின்னர் கொரியப் போர்க் காலத்திலும் கடற்படை அதிகாரியாகப் பணியாற்றினார். அம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டமும், 1949இல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டமும் பெற்றார். 1960-61இல் ஐசன்ஹோவர் ஆட்சியின் இறுதியில் கிழக்கு மிசௌரிப் பகுதிக்கு மத்திய அரசு வழக்கறிஞராக இருந்தார். நிக்சன் அவரை முதலில் மாவட்ட நீதிமன்றத்துக்கும், 1973இல் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் நியமித்தார். அங்கே அவர் எழுதியவற்றில் இன்றும் பேசப்படுவது 1977ஆம் ஆண்டு வழக்கு ஒன்று. தன்பாலீர்ப்பு மாணவர்கள் அமைத்த சங்கத்துக்கு அங்கீகாரம் தர மிசௌரிப் பல்கலைக்கழகம் மறுத்தது. மறுப்பது கருத்துரிமைக்கு எதிரானது என்று பெரும்பான்மை முடிவு செய்தது. வெப்ஸ்டர் அந்தப் பெரும்பான்மையில் இருந்தார். தன் காரணங்களைத் தனியாகவும் எழுதினார். அமைதியான பழமைவாதி என்று பெயர் பெற்றவர், அந்தக் காலத்தில், அப்படியொரு வழக்கில் அப்படி வாக்களித்தது அவருடைய போக்கைக் காட்டுகிறது. 1975இல் உச்ச நீதிமன்றக் காலியிடத்துக்கு அதிபர் ஃபோர்டு பரிசீலித்த பெயர்களில் இவருடையதும் இருந்தது. இடம் ஜான் பால் ஸ்டீவன்ஸுக்குப் போயிற்று.

எஃப்.பி.ஐ. நியமனத்தின்போது அவர்மீது எழுந்த ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். செயின்ட் லூயிஸில் கறுப்பினத்தவர் எவரும் உறுப்பினராக இல்லாத மேட்டுக்குடி மன்றங்களில் அவர் உறுப்பினராக இருந்தார். இது பற்றி அப்போதே கேள்விகள் எழுந்தன. அஞ்சலிகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பின்னால் நான் குறிப்பிடப்போகும் ஒரு வழக்கோடு சேர்த்துப் பார்க்கையில் இதற்கு முக்கியத்துவம் உண்டு.

1978 பிப்ரவரி 23 அன்று பதவியேற்றார். எஃப்.பி.ஐ. தலைவரின் பதவிக்காலம் பத்தாண்டுக்கு மேல் போகக்கூடாது என்று 1976இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட முதல் ஆள் இவர்தான். இருக்கையில் அமர்ந்து சூடு ஆறுவதற்குள் முதல் சோதனை வந்தது. ‘வெதர் அண்டர்கிரவுண்ட்’ என்ற தீவிரவாதக் குழுவினரைத் தேடிய காலத்தில், அவர்களுடைய உறவினர், நண்பர் வீடுகளில் நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் ஏஜெண்டுகள் பூட்டை உடைத்துப் புகுந்திருந்தார்கள். முன்னாள் தலைவர் கிரே, மூத்த அதிகாரிகள் மார்க் ஃபெல்ட், எட்வர்ட் மில்லர் ஆகியோர்மீது 1978 ஏப்ரலில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. (வாட்டர்கேட் செய்திகளை நிருபர்களுக்குக் கொடுத்த மறைமுகத் தகவலாளி அந்த ஃபெல்ட்தான் என்பது 2005இல்தான் உலகுக்குத் தெரிந்தது.) அவர்களுக்குக் கீழே, உத்தரவின்படி நடந்த ஏஜெண்டுகளை என்ன செய்வது என்ற முடிவு வெப்ஸ்டரிடம் விடப்பட்டது. மேலதிகாரியின் சொல்லை நம்பி நடந்த களப்பணியாளர்களைத் தண்டிக்காமல் விட்டு, மேற்பார்வையாளர்கள் சிலர்மீது மட்டும் பணிநீக்கம் வரையிலான நடவடிக்கை எடுத்தார். உள்ளே இருந்தவர்கள் இதைக் கடுமை என்றார்கள். வெளியே இருந்தவர்கள் போதாது என்றார்கள். யாருக்கு எது தெரியும், உத்தரவு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்துப் பொறுப்பை நிர்ணயித்தது, நீதிபதி தீர்ப்பு எழுதும் முறையேதான்.

அடுத்தது ‘ஆப்ஸ்கேம்’. 1978 முதல் 1980 தொடக்கம் வரை, அரபு ஷேக் ஒருவரின் ஆட்கள் போல வேடமிட்ட ஏஜெண்டுகள் அரசியல்வாதிகளுக்குப் பணம் நீட்டினார்கள். எல்லாம் மறைவான கேமராவில் பதிவாயிற்று. ஃபுளோரிடாவைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் ரிச்சர்ட் கெல்லி, 25,000 டாலர் நோட்டுக்கட்டுகளைக் கோட்டுப் பைகளில் திணித்துக்கொண்டு, வெளியே தெரிகிறதா என்று எதிரே இருந்தவரிடம் கேட்கும் காட்சியைப் பின்னர் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஒரு செனட்டரும் ஆறு மக்களவை உறுப்பினர்களும் தண்டனை பெற்றார்கள். தெற்கு டகோட்டா செனட்டர் லாரி பிரெஸ்லர் பணத்தை ஏற்க மறுத்து வெளியேறினார்.

குற்றம் செய்யாதவனைத் தூண்டிக் குற்றவாளி ஆக்குவது போலீஸின் வேலையா என்ற கேள்வி இங்கே இயல்பாகவே வரும். கெல்லியின் வழக்கை விசாரித்த நீதிபதியே இந்தக் காரணத்தைக் காட்டித் தண்டனையை ரத்து செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் தண்டனையை மீண்டும் நிலைநிறுத்தியது. தங்கள் சக உறுப்பினர்கள் சிக்கியதில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொதித்துப் போயிருந்தது, எஃப்.பி.ஐ.யின் இரகசிய வேட விசாரணைகளை ஆராயத் தனிக் குழுவே அமைத்தது. ஹூவராக இருந்திருந்தால் அந்த உறுப்பினர்களைப் பற்றிய கோப்பு ஒன்று தன் அலமாரியில் இருப்பதை அவர்களுக்குக் குறிப்பால் உணர்த்தியிருப்பார் என்பது அக்காலத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். வெப்ஸ்டர் விசாரணைக் குழுவின் முன் வந்து அமர்ந்து பதில் சொன்னார். இத்தகைய நடவடிக்கை ஒவ்வொன்றையும் தொடங்குமுன்பே நீதித் துறை வழக்கறிஞர்களும் எஃப்.பி.ஐ. தலைமையக அதிகாரிகளும் சேர்ந்த மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்ற முறை அவர் காலத்தில்தான் நிலைபெற்றது. 1981இல் நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் எழுத்து வடிவில் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டார். பணத்தை நீட்டுவதற்கு முன், எதிரே இருப்பவர் ஏற்கெனவே அந்த வழியில் போகக்கூடியவர் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, பேரத்தின் குற்றத்தன்மை அவருக்குத் தெளிவாகத் தெரியும்படி இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும் இந்த முறை, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே என்ன கேட்பார்கள் என்பதை முதல் நாளிலேயே கேட்டுவிடுவதுதான்.

எனக்கு ஆப்ஸ்கேமைவிட முக்கியமாகப் படுவது சிகாகோவில் நடந்த ‘கிரேலார்டு’ விசாரணை. அமெரிக்காவின் மிகப் பெரிய நீதிமன்ற அமைப்புகளில் ஒன்றான குக் கவுண்டி நீதிமன்றங்களில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கிலிருந்து போதைப்பொருள் வழக்கு வரை காசு கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம் என்பது ஊரறிந்த இரகசியம். 1980இல் தொடங்கிய விசாரணையில், டெரன்ஸ் ஹேக் என்ற இளம் அரசு வழக்கறிஞர் லஞ்சத்துக்கு வளைபவர் போல நடித்து உள்ளே புகுந்தார். மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து சிகாகோவுக்கு அமர்வுக்கு வந்த பிராக்டன் லாக்வுட் என்ற நீதிபதி, தன் கௌபாய் பூட்ஸுக்குள் டேப் ரெக்கார்டரை மறைத்து வைத்துக்கொண்டு சக நீதிபதிகளின் பேச்சைப் பதிவு செய்தார். நீதிமன்ற உத்தரவு பெற்று, வெய்ன் ஓல்சன் என்ற நீதிபதியின் அறையிலேயே ஒட்டுக்கேட்புக் கருவி வைக்கப்பட்டது. அமெரிக்காவில் நீதிபதி ஒருவரின் அறைக்குள் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. இறுதியில் பதினேழு நீதிபதிகள்மீது குற்றம் சாட்டப்பட்டு, பதினைந்து பேர் தண்டிக்கப்பட்டார்கள். வழக்கறிஞர்கள், நீதிமன்ற எழுத்தர்கள், போலீஸார் என்று மேலும் பல பேர் சிக்கினார்கள். நீதிபதி அறைக்குள் கருவி வைப்பது வாதி, பிரதிவாதி, வழக்கறிஞர் அனைவரின் இரகசியத்தையும் தொடும் செயல். தன் வாழ்நாளின் முக்கியப் பகுதியை அத்தகைய அறையில் கழித்தவர் தலைமையேற்ற காலத்தில் அது நடந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நீதித்துறைமீது போலீஸ் பாய்கிறது என்ற பழியை வேறொருவரால் அவ்வளவு எளிதாகத் தாங்கியிருக்க முடியாது.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் நெருங்கியபோது நடந்ததாக எஃப்.பி.ஐ. தன் வரலாற்றுக் குறிப்பில் பதிவு செய்துள்ள சம்பவம் ஒன்று உண்டு. 1972இல் மியூனிக்கில் இஸ்ரேல் வீரர்கள் கொல்லப்பட்டதைப் போல இங்கே நடந்துவிடக்கூடாது என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. இராணுவத்தின் டெல்டா ஃபோர்ஸ் செய்துகாட்டிய பயிற்சியைப் பார்க்க வெப்ஸ்டர் ஃபோர்ட் பிராக் முகாமுக்குப் போனார். அவர்கள் பரப்பி வைத்திருந்த ஆயுதங்களையும் கருவிகளையும் பார்வையிட்டவர், கைவிலங்கு எதையும் காணவில்லையே என்றார். நெற்றியில் இரண்டு குண்டு போட்டுவிடுவோம், செத்தவனுக்குக் கைவிலங்கு எதற்கு என்று வீரர் ஒருவர் பதில் சொன்னார். உள்நாட்டில், சொந்த நாட்டுக் குடிமக்கள் நடுவே பயன்படுத்துவதற்கு, கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடிய படைதான் தேவை என்ற முடிவுக்கு அவர் வந்தார்; 1983இல் எஃப்.பி.ஐ.யின் பணயக்கைதிகள் மீட்புக் குழு சுமார் ஐம்பது பேரோடு உருவாயிற்று. பின்னாளில், அவர் போன பிறகு, ரூபி ரிட்ஜிலும் வேக்கோவிலும் நடந்த முற்றுகைகள் உயிர்ப்பலியில் முடிந்து அந்தக் குழுவின் பெயர் கெட்டது வேறு கதை.

அவர் காலத்தின் மற்ற வெற்றிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். நியூயார்க்கின் மாஃபியாக் குடும்பங்களின் தலைவர்களை ஒரே வழக்கில் நிறுத்தி 1986 நவம்பரில் தண்டனை வாங்கித் தந்த விசாரணை, 1982இல் போதைப்பொருள் குற்றங்களிலும் எஃப்.பி.ஐ.க்கு அதிகாரம் கிடைத்தது, அதே ஆண்டில் பயங்கரவாத எதிர்ப்பைத் தேசிய முன்னுரிமைகளில் நான்காவதாக அவர் சேர்த்தது, 1985இல் சோவியத்துக்கு உளவு சொன்ன கடற்படைக்காரர் ஜான் வாக்கர் பிடிபட்டது ஆகியவை பற்றி எழுதாத பத்திரிகை இல்லை.

குறைகள் விஷயத்தில்தான் அஞ்சலிகள் தயங்குகின்றன. எல் சால்வடோர் மக்களுக்கு ஆதரவாக இயங்கிய அமைதியான அமெரிக்கக் குழு ஒன்றை, பயங்கரவாதத் தொடர்பு என்ற பெயரில், 1983 முதல் 1985 வரை எஃப்.பி.ஐ. நாடெங்கும் துருவியது. 1988இல் இது வெளியானபோது அவர் சி.ஐ.ஏ.வுக்குப் போயிருந்தார், அவருக்குப் பின் வந்த வில்லியம் செஷன்ஸ்தான் (அவரும் முன்னாள் நீதிபதியே) தவறை ஒப்புக்கொண்டு ஆறு பேர்மீது நடவடிக்கை எடுத்தார். ஹூவர் காலத்து நோய் ஒழிந்துவிட்டது என்று வெப்ஸ்டர் நம்பியிருந்த இடத்திலேயே அது மறுபடி தலைகாட்டியிருந்தது. இன்னொன்று, பெர்னார்டோ பெரெஸ் என்ற மூத்த ஏஜெண்ட் 1987 ஜனவரியில் தொடுத்த வழக்கு. அவரோடு சுமார் முந்நூறு ஹிஸ்பானிய ஏஜெண்டுகள் சேர்ந்துகொண்டார்கள். பதவி உயர்விலும் பணி ஒதுக்கீட்டிலும் பாகுபாடு நடந்தது என்று 1988இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்களையும் சிறுபான்மையினரையும் அதிக அளவில் ஏஜெண்டுகளாகச் சேர்த்த பெருமை வெப்ஸ்டருக்கு உண்டு. சேர்ந்தவர்கள் உள்ளே எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை அவர் போதிய அளவு பார்க்கவில்லை. வெள்ளையர் மட்டுமே கூடும் மன்றங்களில் பல ஆண்டுகள் இருந்தவரின் கண்ணுக்கு அது படாமல் போனதில் எனக்கு வியப்பு இல்லை.

ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவாவின் கிளர்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்த ஈரான்-கான்ட்ரா ஊழலில், 1987இல் சி.ஐ.ஏ.வின் மானம் கப்பலேறியிருந்தது. தலைவர் வில்லியம் கேசி மூளைக் கட்டியால் பதவி விலகினார். அடுத்து முன்மொழியப்பட்ட ராபர்ட் கேட்ஸ், அந்த ஊழல் பற்றிய கேள்விகளால் விலகிக்கொண்டார். அதிபர் ரீகன் வெப்ஸ்டரை அழைத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எஃப்.பி.ஐ.யில் நடந்ததே மறுபடி நடந்தது: கறை படிந்த அமைப்புக்குக் கறைபடாத ஆள் தேவைப்பட்டார். கேசி அமைச்சரவையில் இடம் பெற்றிருந்தார். வெப்ஸ்டர் அந்த இடத்தை ஏற்கவில்லை. கொள்கை வகுப்பவர்களோடு சேர்ந்து அமர்ந்தால், அவர்கள் கேட்க விரும்புவதைச் சொல்லும் சபலம் உளவுத் தகவல் தருபவருக்கு வந்துவிடும் என்பது அவருடைய வாதம். ஈரான்-கான்ட்ராவில் தொடர்புடைய அதிகாரிகள் சிலரைப் பணிநீக்கம் செய்தார். சிலருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார். காங்கிரஸின் உளவுத்துறைக் குழுக்களோடு அறுந்திருந்த பேச்சை மீண்டும் தொடங்கினார்.

ஆனால் சி.ஐ.ஏ.வின் களப்பணியாளர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. வெளிநாட்டுச் சட்டத்தை மீறுவதே அவர்கள் தொழில். அங்கே போய் ஒவ்வொன்றுக்கும் சட்ட ஆலோசகரைக் கூப்பிடும் தலைவரை அவர்கள் சுமையாகக் கருதினார்கள். வெளியுறவு விவகாரங்களில் அவருக்கு ஆழ்ந்த அறிவு இல்லை என்ற விமர்சனமும் நியாயமானதே. பெர்லின் சுவர் விழுந்ததும் சோவியத் ஒன்றியம் ஆட்டங்கண்டதும் அவர் காலத்தில்தான். அந்த மாற்றங்களை வழிநடத்திய பெயர்களில் அவருடையது வருவதில்லை. 1991 ஆகஸ்ட் இறுதியில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது.

மற்றவர்கள் நினைவுக்குறிப்பு எழுதிக்கொண்டு ஓய்ந்துவிடும் வயதில் தொடங்கிய இன்னொரு பணியை, அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான பகுதி என்று நான் கருதுகிறேன். ஏதாவது ஓர் அமைப்பு பெரிதாகத் தவறினால், என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்ல அவரைக் கூப்பிடுவது அமெரிக்காவில் வழக்கமாகிவிட்டது. 1992 ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸார் விடுவிக்கப்பட்டதும் லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போலீஸ் ஏன் கையைப் பிசைந்துகொண்டு நின்றது என்று ஆராய்ந்த வெப்ஸ்டர் குழு, அந்த ஆண்டு அக்டோபரில் அளித்த அறிக்கையில், கலவரத்தை எதிர்கொள்ள உருப்படியான திட்டமே இல்லாதிருந்ததற்குப் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸை மட்டுமல்லாமல் நகர நிர்வாகத்தையும் பொறுப்பாக்கியது. தீர்ப்பு வந்து கலவரம் மூண்ட அந்த மாலையில் கேட்ஸ் அரசியல் நிதிதிரட்டும் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார்.

2001 பிப்ரவரியில் பிடிபட்ட ராபர்ட் ஹான்சன் விவகாரம் வேறு வகை. எஃப்.பி.ஐ.யில் எதிர் உளவுப் பிரிவில் இருந்துகொண்டே 1979 முதல், இடையில் விட்டுவிட்டு, மாஸ்கோவுக்கு இரகசியங்களை விற்றவர் அவர். அந்தத் துரோகத்தின் முதல் எட்டு ஆண்டுகள் வெப்ஸ்டர் தலைவராக இருந்த காலத்தில் அடங்கும். எஃப்.பி.ஐ.யின் பாதுகாப்பு எங்கே ஓட்டையாயிற்று என்று விசாரிக்க அதே வெப்ஸ்டரை நியமித்ததை இன்று யாராவது செய்தால் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். நானும் அதைச் சரியான நியமனம் என்று சொல்லமாட்டேன். இருந்தும் 2002 மார்ச்சில் வந்த அறிக்கை யாருக்கும் சலுகை காட்டவில்லை. ஹான்சனுக்குத் தன் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடப் பொய்யறியும் சோதனை நடத்தப்படவில்லை. அவருடைய வரவு செலவை யாரும் கேட்கவில்லை. தன்மீது சந்தேகம் வந்திருக்கிறதா என்று பார்க்க அலுவலகக் கணினியில் தன் பெயரையே அவ்வப்போது தேடிப் பார்க்க அவரால் முடிந்தது. கூடப் பணியாற்றுபவனைச் சந்தேகிப்பது முறையல்ல என்ற உள்வட்டப் பண்பாடுதான் அவரைக் காப்பாற்றியது என்று அறிக்கை காட்டியது. வெப்ஸ்டர் வளர்த்த நடைமுறைகள் எல்லாம் குடிமகனை அமைப்பிடமிருந்து காப்பதற்காக ஏற்பட்டவை. அமைப்பை அதன் சொந்த ஆளிடமிருந்து காக்கும் நடைமுறை அவர் காலத்தில் இல்லை. அவர் சி.ஐ.ஏ.வில் இருந்தபோது அங்கேயும் ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற மற்றொரு துரோகி சுகமாக உலவிக்கொண்டிருந்தார், 1994இல்தான் பிடிபட்டார்.

2009 நவம்பரில் டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் இராணுவ முகாமில் மருத்துவ அதிகாரி நிதால் ஹசன் பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார். ஏமனில் இருந்த தீவிரவாதப் பிரசாரகர் அன்வர் அல்-அவ்லக்கியோடு அவர் நடத்திய மின்னஞ்சல் போக்குவரத்து எஃப்.பி.ஐ. கையில் முன்பே இருந்தும் ஏன் தடுக்கவில்லை என்று ஆராய மறுபடி வெப்ஸ்டரையே அழைத்தார்கள். 2012இல் அறிக்கை அளித்தபோது அவருக்கு வயது 88. சான் டியேகோ அலுவலகம் அனுப்பிய தகவலை வாஷிங்டன் அலுவலகம் மேலோட்டமாகப் பார்த்து மூடியதையும், இரண்டும் பிறகு வலியுறுத்திக் கேட்கத் தயங்கியதையும் அறிக்கை படிப்படியாக விவரிக்கிறது. இந்த வரிசையில் ஒரு சறுக்கலும் உண்டு: என்ரான் மோசடிக்குப் பின் 2002இல் அமைக்கப்பட்ட தணிக்கைக் கண்காணிப்பு வாரியத்துக்கு அவரைத் தலைவராக்கினார்கள், அவர் முன்பு தணிக்கைக் குழுத் தலைவராக இருந்த நிறுவனமொன்று விசாரணையில் இருந்தது தெரியவந்ததும், வாரியம் இயங்கத் தொடங்குவதற்குள்ளேயே விலகினார்.

2014இல் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. லாட்டரியில் பெருந்தொகையும் காரும் விழுந்திருப்பதாகவும், வரிக்கு முன்பணம் அனுப்பினால் போதும் என்றும் ஜமைக்காவிலிருந்து பேசியவர் சொன்னார். பிடிகொடுக்காமல் பேசியதும், வீட்டைக் கொளுத்துவேன், சுட்டுவிடுவேன் என்று அவரையும் அவருடைய மனைவி லிண்டாவையும் மிரட்டத் தொடங்கினார். யாரிடம் பேசுகிறோம் என்று அந்த ஆளுக்குத் தெரியாது. தம்பதியர் எஃப்.பி.ஐ.யிடம் சொல்லிவிட்டு, பேச்சைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே போனார்கள். எதிரே அதிகாரிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவுக்கு வந்தபோது கைதானவருக்கு 2019இல் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுச் சிறை கிடைத்தது. முதியோரைக் குறிவைக்கும் மோசடி பற்றிய எஃப்.பி.ஐ. விழிப்புணர்வுக் காணொளியிலும் பின்னர் அவர் தோன்றினார். உளவுத்துறைத் தலைவராக இருந்தவருக்கே இந்தக் கதி என்று சிரித்தவர்கள் உண்டு. ஏமாறாதவர்களும் வெட்கத்தால் புகார் கொடுக்காமல் விடும் இந்தக் குற்றத்தில், அவர் தன் பெயரை வெளியே சொன்னது பெரிய உதவி என்றே எனக்குப் படுகிறது.

2019 டிசம்பரில், 95 வயதில், எஃப்.பி.ஐ.மீது அதிபர் டிரம்பும் அட்டர்னி ஜெனரல் வில்லியம் பாரும் வைத்த குற்றச்சாட்டுகளை மறுத்து நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதினார். பார் தன் நீண்டகால நண்பர் என்பதையும் மறைக்கவில்லை. 2024 டிசம்பரில், நூறு வயது கடந்த நிலையில், எஃப்.பி.ஐ. தலைமைக்கு முன்மொழியப்பட்ட காஷ் பட்டேல், தேசிய உளவுத்துறை இயக்குநர் பதவிக்கு முன்மொழியப்பட்ட துளசி கப்பார்ட் இருவரைப் பற்றியும் செனட்டர்களுக்குக் கடிதம் அனுப்பினார். பட்டேலின் விசுவாசம் சட்டத்தைவிட அதிபரிடம் அதிகம் இருக்கிறதா என்பதும், கப்பார்டுக்கு உளவுத்துறை அனுபவம் இல்லை என்பதும் அவர் எழுப்பிய கவலைகள். செனட் இருவரையும் ஏற்றுக்கொண்டது. 2025 பிப்ரவரியில் பட்டேலுக்கு 51–49, கப்பார்டுக்கு 52–48 என்று வாக்குகள் விழுந்தன. ஆகஸ்ட் 8 அன்று வெப்ஸ்டர் காலமானபோது, அவர் ஒன்பது ஆண்டுகள் நடத்திய அமைப்பின் தலைவராக இருந்தவர் அந்தப் பட்டேல்தான்.